நீளம் போதாத தகடு

சியாத்துரா நகரசபையில் நேற்றுத் தீர்மானம்:
ஒரு தெருவுக்குப் பெண் பெயர்.
நாற்பத்தொரு தெருக்கள் தளபதிகளுக்குப் போனபின்
மிச்சமிருந்தது
ரொட்டிக்கடைக்குப் பின்னால் ஒரு முட்டுச்சந்து.

யார் பெயர் என்பதில்தான் இழுபறி.

லமாரா என்றார்கள் சிலர்.
சுரங்கம் சரிந்த இரவில்
அரிக்கேன் வெளிச்சத்தில்
பதினாறு கால்களைக் காப்பாற்றிய மருத்துவர்.
(அவரோ ரொட்டி வாங்க வந்தவர்,
"வேண்டாமப்பா, முழங்கால் வலியென்று
தெருவையே கேட்பார்கள்" என்று போய்விட்டார்.)

மலைக்கு மேலிருப்போர் நஸிப்ரோலா என்றார்கள்.
கம்பிவண்டி நடுவானில் நின்றபோது
இடுப்பில் குறடோடு
வண்டிக்கூரையில் ஏறி நின்றவள்.

சியாலா பெயரைச் சொன்னது
கணக்கு வாத்தியார் மட்டும்.
அவள் நிறுவிய தேற்றம்
அவருக்கே பாதிதான் புரியுமாம்.
சொல்லும்போது குரல் தழுதழுத்தது.

தகட்டில் எழுதுபவள் நான்.
தகடோ ஒரு முழம்.
"சுருக்கி எழுதேன்" என்கிறார் செயலர்.

எதைச் சுருக்க?

தளபதிகளுக்கு அப்பன் பெயர், பட்டம், பதக்கம்
அத்தனையும் எழுதிய கை இது.

காலையில் பட்டறைக்குப் போய்
மூன்று முழத் தகடு கேட்டேன்.
அந்தச் சுவருக்கு அகலம் போதாதே என்றான்.

சுவரை நான் பார்த்துக்கொள்கிறேன்,
நீ வெட்டு.