பதினைந்தா, நாலு பத்தா

செவ்வாய்ப்பேட்டை, கலீல் பாய் பட்டறை.
சுவரோரம் ஸ்பீக்கர்கள் வாய் பிளந்து மல்லாந்து கிடந்தன.
பதினைந்து அங்குலம் ஒன்றைத் தூக்கி மடியில் வைத்தேன்.
மாவு நிறைந்த இட்லிக் குண்டான் கனம்.
நடுவில் கட்டைவிரலால் மெல்ல அழுத்தினால்
உள்ளே போய், யோசித்து, திரும்பி வருகிறது.
பத்து அங்குலம் அப்படியில்லை,
தொட்டவுடன் பதில்.

"எது வேணும்?" என்றார் பாய்.
மூன்று வருடமாக நானும் அதைத்தான்
என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அம்மாபேட்டை மண்டபத்துக்குப் பின்சந்தில்
நாற்பது விசைத்தறி.
என் நாலாம் கம்பியும் அவையும்
ஒரே அடிவயிற்றிலிருந்து பேசுகிறவை.
நீ வாசித்தாயா, தறி வாசித்ததா
என்று ட்ரம்ஸுக்குப் பின்னாலிருந்து
ஜெரால்டு கேட்ட இரவு
கிடாரை உறையில் போட்டு மூன்று நாள் திறக்கவில்லை.

நாலு பத்து இருந்தால்
விரல்நுனி கம்பியை விடும் அந்த 'டக்' வரை தெரியும்,
கடைசி வரிசைக்கும்.
பதினைந்து இருந்தால்
பந்தியில் யாரும் கேட்கமாட்டார்கள்,
இலையில் ரசம் மட்டும் நடுங்கும்.

ரெண்டும் வேணும், பாய்.

சுண்ணக்கட்டி எடுத்துத் தரையில் எழுதினார்.
பள்ளிக்கூடத்தில் எட்டும் எட்டும் பதினாறு.
இங்கே எட்டு ஓமும் எட்டு ஓமும்
பக்கம் பக்கமாய்க் கைகோத்தால் நாலு.
"மூணாவதா ஒரு பெட்டியைச் சேர்த்தே,
ஆம்ப் புகையும் தங்கச்சி,
சாம்பிராணி தனியாப் போட வேண்டாம்."

அப்புறம் நாடாவை எடுத்துக்கொண்டு
ஜெரால்டின் ஆம்னி கதவுக்குப் போனார்.
நாலு பத்துப் பெட்டி இரண்டு விரல் கூடுதல்.
இத்தனை வருட யோசனையைக்
கதவு முடித்துவைத்தது.
இரண்டு பத்து ஒரு பெட்டி,
பதினைந்து ஒரு பெட்டி.
வருகிற பவரைப் பாதியாய்ப் பிரித்தால்
அங்கே ஆளுக்குக் கால்,
இங்கே ஒண்டிக்கட்டை அரையைச் சுமக்கும்.
சுமக்கட்டும், பெரிய உடம்புதானே.

டிசம்பரில் ஏற்காட்டுக்கு ஒரு கல்யாண வரவேற்பு.
பதினாலாவது கொண்டை ஊசியில் வண்டி இருமியது.
பிலோமினா இறங்கினாள்.
நான் இறங்கினேன்.
கடைசியில் பதினைந்தும் இறங்கியது.
வளைவில் இருந்த டீக்கடைக்காரர்
பார்த்துக்கொள்கிறேன் என்றார்,
நாங்கள் திரும்பும் முன்னமே அதன் தலையில்
ஆரஞ்சுகளைக் கூறு கட்டிவிட்டார்.

மேலே, பழைய காப்பி கிடங்கு.
ஜன்னலுக்கு வெளியே சில்வர் ஓக் இல்லை,
பனி இருந்தது.
ஒற்றைப் பெட்டியைப் பலகைத் தரையில் வைத்தேன்,
பாதி உடுப்போடு சபைக்கு வந்த மாதிரி.
முதல் பாட்டு, முதல் சுரம், திறந்த நாலாம் கம்பி,
விநாடிக்கு நாற்பத்தொரு துடிப்பு.
என் காது கேட்பதற்குள்
குதிகால் கேட்டுவிட்டது.

பலகைக்குக் கீழே இரண்டடி வெற்றிடம்.
காப்பிக்கொட்டையில் ஈரம் ஏறாதிருக்க
எவரோ எப்போதோ விட்டது.
அந்த இருட்டு முழுதும் இப்போது என் பெட்டி.
மணப்பெண்ணின் தம்பி ஷூவைக் கழற்றினான்.
பின்னாலேயே நாலைந்து பிள்ளைகள்.
சாப்பாட்டு மேஜையில் கரண்டிகள்
மெல்ல இடம் மாறின.
ஜெரால்டு என்னைப் பார்த்தான்,
பெட்டியைப் பார்த்தான்,
குனிந்து தரையைப் பார்த்துச் சிரித்தான்.
கேள்வி எதுவும் கேட்கவில்லை.

மறுநாள் பட்டறையில் எல்லாம் சொன்னேன்.
பாய் மரத்தூளை ஊதிவிட்டு நிமிர்ந்தார்.
"அப்ப அந்தப் பதினைஞ்சை வித்துடலாமா?"

நம்ம ஊர் மண்டபமெல்லாம் டைல்ஸ், பாய்.

அவர் தலையாட்டினார்.
பெட்டியின் மூலையை மோந்து பார்த்து
"என்ன இது ஆரஞ்சு வாசம்?" என்றார்.