கதவு பூட்டு

மின்வாரியத்தில் பதினெட்டு வருஷம்.
மலையை மீட்டர் மீட்டராகத்தான் தெரியும் எனக்கு.

கேத்தியில் கேரட் கழுவும் மெஷின்:
யூனிட் எகிறிவிட்டது,
மூட்டை விலைதான் விழுந்துவிட்டதென்றார் போஜன்.

கூடலூர் லயத்தில்
தலைமன்னாரில் கப்பலேறிய குடும்பத்துக்கு
ஒரே பல்பு.
என் தலை தெரிந்ததும்
அதையும் அணைத்தாள் மரியபுஷ்பம்.

ஃபிலிம் கம்பெனி குவார்ட்டர்ஸில்
சக்கரம் நின்றுபோன மீட்டர்,
உள்ளே குளவிக்கூடு.

வெள்ளைக்காரன் பேர் வைத்த பங்களாவில்
இப்போது சென்னைக்காரர்;
ஹீட்டர் மட்டும் ஆளில்லாமல் வெந்நீர் போடுகிறது.

குந்தாவில் விழுகிற தண்ணீர்
கம்பியேறிக் கோவைக்குப் போய்விடும்.
போகட்டும்.

நேற்று கோத்தகிரியில்
பெட்டிக்கு முன்னால் காட்டெருமை,
அசை போட்டபடி.
அதற்கு எந்தக் குறியீடும் தரவில்லை வாரியம்.
‘கதவு பூட்டு’ என்று போட்டுவிட்டு
கீழே இறங்கினேன்.