ஐந்து படம் குறையும்

அமெரிக்கா டேப்பை நம் டெக்கில் போட்டால்
ஆள் உருளும்.
கால் மேலே போய்விடும், தலை கீழேயிருந்து வரும்,
கலர் செத்து, நடுவே ஒரு கறுப்புப் பட்டை
ஏறிக்கொண்டே இருக்கும்.
அதற்குத்தான் மதுரையில் தவணைக்கு எடுத்த கன்வர்ட்டர்.
மூன்று தவணை பாக்கி.

காரைக்குடி, கல்லுக்கட்டி, ஜெராக்ஸ் கடைக்கு மாடியில்
நான் செய்வது இவ்வளவுதான்:
அவர்களுக்கு நொடிக்கு முப்பது படம், நமக்கு இருபத்தைந்து.
ஐந்தைக் கீழே போடவேண்டும்.
அவர்களுக்கு ஐநூற்று இருபத்தைந்து கோடு,
நமக்கு நூறு கூட.
இல்லாத நூறைப் பெட்டியே யூகித்து வரையும்.
ஒலிக்கு மட்டும் ஊர் பேதம் கிடையாது,
அப்படியே வரும்.

சிகப்பி ஆச்சி கொடுத்தது ஒரு மணி நேர டேப்.
(ஆச்சி என்றால் இங்கே வயதில்லை.
என்னைவிட இரண்டு வருஷம் சின்னவர்.)
ஹூஸ்டனில் தங்கை தேனம்மை,
தங்கை மகனுக்கு மூன்றாவது பிறந்தநாள்.
"முழுசா வேணும் செபஸ்தி. கேக் வெட்டுறதோட நிறுத்திறாதே."

ஒரு மணி நேரத்தைப் பதிய ஒரு மணி நேரம் ஆகும்.
யாராவது உட்கார்ந்து பார்க்கத்தான் வேண்டும்.
எந்த வீட்டுப் பிள்ளை எந்த நாட்டில்
மெழுகுவத்தியை ஊதமாட்டேன் என்று அழுதது,
எல்லாம் எனக்குத் தெரியும்.
யாரும் என்னைக் கேட்டதில்லை.

நாற்பத்தொன்றாம் நிமிடம்
கேமராவை அணைக்க மறந்து மேசையில் வைத்துவிட்டார்கள்.
பாதி ஃப்ரிட்ஜ். ஒரு நாற்காலிக் கால்.
தரையில் சிவப்புப் பலூன்.
குழாயில் தண்ணீர் ஓடுகிற சத்தம்.
ஆண் குரல்: "மூணு மாசம் ஆச்சு. ஊருக்கு எழுத வேணாமா?"
பெண் குரல், குழாயை மூடாமல்:
"அக்காட்ட சொல்லிறாதீங்க. வேலை போச்சுன்னு தெரிஞ்சா
கழுத்துல கிடக்கிறதை வித்து அனுப்பிருவா."
அப்புறம் பேச்சில்லை. மூக்கை உறிஞ்சுவது மட்டும்.
பலூன் தானாக அரை அடி நகர்ந்தது.

சொல்லாதே என்றது எனக்கும் சேர்த்துத்தான்.
மிச்ச டேப்புக்கு
நீலத்தை ஓடவிட்டேன்.

"கடைசியில என்ன, வெறும் நீலமா ஓடுது?"
"ஃபார்மட் ஆச்சி. ஒத்துக்காது. கொஞ்சம் போகும்."
பொய்யில்லை. கொஞ்சம் போகத்தான் செய்யும்.
அவர் பெட்டியைப் பார்த்தார்.
"போறதையெல்லாம் இது எங்க வைக்கும்?"

பன்னிரண்டு நாள் கழித்துப் பதில் டேப் வந்தது,
நம் ஃபார்மட்டிலிருந்து அவர்கள் ஃபார்மட்டுக்கு.
இந்தப் பக்கம் போகையில் கணக்கு மாறும்.
நூறு கோடு தொலையும். படம் குறையாது,
ஐந்துக்கு ஒன்றை இரண்டு தடவை காட்டி
இட்டு நிரப்பும்.

வளவில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஆச்சி.
சீப்புச்சீடை டப்பாவைத் தூக்கிக் காட்டுகிறார்,
பையனுக்கு எடுத்த சட்டையைத்
தன் தோளிலேயே வைத்துக் காட்டுகிறார்.
பிறகு படம் பிடிக்கிற பையனைப் போகச் சொல்லிவிட்டு,
ஓடும் கேமராவுக்குக் கிட்டே வந்து
குனிந்து,
"செபஸ்தி. நீ பாத்துக்கிட்டுத்தான் இருப்பேன்னு தெரியும்.
அந்த நீலத்துக்குள்ள தேனு அழுதாளா?
வாயால சொல்ல வேணாம்.
ஆமான்னா பில்லுல பத்து ரூபா கூடப் போடு."
கை கழுத்துக்குப் போய்த் திரும்பியது.
பழக்கமா, கணக்கா, தெரியவில்லை.

ஸ்டாப்பின் மேல் விரல் இருந்தது.
அமுக்கவில்லை.
ஹூஸ்டனில் அவர்களும் கேட்கட்டும்,
ஒலி அப்படியே போகும்.
பாதியில் கரண்ட் வேறு போய்
முதலிலிருந்து பதியவேண்டி வந்தது.
என் பெயரை அவர் இரண்டாம் முறையும் கூப்பிட்டார்.

நூற்றைம்பது என்று எழுதினேன்.
அடித்துவிட்டு நூற்று அறுபது.

இருநூறை நீட்டினார்.
மீதி நான்கு பத்து ரூபாய்த் தாள்.
எண்ணினார்.
மறுபடி எண்ணினார்.