மூட்டைக்கு முந்நூறு கிராம்

விடியக்காலம் மூன்று மணிக்கு
ஆவியானவர் எழுப்பினார் என்றேன்.
நகோமி திரும்பிப் படுத்தாள்:
"ராத்திரி தின்ன பரோட்டா."

கொள்முதல் பேரேட்டை எடுத்தேன்.
ஏழு வருஷம் என் தராசு
மூட்டைக்கு முந்நூறு கிராம்
எனக்காகப் பொய் சொல்லியிருந்தது.
ஞானஸ்நானத்தில் நான் நனைந்தேன்.
தராசு நனையவில்லை.

ஈரோட்டிலிருந்து சிவகிரி பஸ்.
மொடக்குறிச்சி வரைக்கும் ஆண்டவரோடு பேரம்:
மொத்தத்தையும் காணிக்கைப் பெட்டியில்
போட்டுவிடட்டுமா?
அவர் பேசவில்லை.
பஸ்ஸும் நிற்கவில்லை.

பாவாத்தா மஞ்சள் வேகவைத்துக்கொண்டிருந்தாள்.
கணக்கைச் சொல்லிப் பணத்தை நீட்டினேன்.
"எலெக்சனுங்களா?"
இல்லீங்க, திருடினது.
கொப்பரை மட்டும் கொதித்தது.

எச்சில் தொட்டு எண்ணினாள், இரண்டு முறை.
ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்.
நூறு ரூபாய் ஒன்றை உருவி
என் சட்டைப்பையில் திணித்தாள்,
அவள் விரல் மஞ்சள் ஜோபியில் ஒட்ட:
"பஸ்ஸுக்கு ஆகுமுங்க. பாத்துப் போங்க."

அடைத்துவிட்டு வரலாம் என்று போனவன்
கடனோடு ஏறினேன்.
கண்டக்டர் வந்தார்.
என்னிடம் வேறு பணமில்லை.
அதையேதான் நீட்டினேன்.