உறையாதிருக்க

நடன அரங்கின் தரையில் மஞ்சள் நாடா ஒட்டினோம்.
ஒரு கட்டிலுக்கும் அடுத்ததற்கும் இரண்டு மீட்டர்.
மேலே, கல்யாணங்களுக்கு ஏற்றுகிற சரவிளக்கு.
அணைக்கவா என்று கேட்டார் விடுதிக்காரர்.
இருக்கட்டும் என்றோம்,
நரம்பு தேட நல்ல வெளிச்சம்.

லீட்ரிமில் விடியலிலிருந்தே மழை.
வாசலில் அட்ராக்டா.
இருபத்திரண்டு வருடம் எங்கள் முகாம்களில்
சாண்ட்விச்சுக்கு வெண்ணெய் தடவிய கை,
இன்று வருகிறவர் நெற்றிக்கு நேரே
வெப்பமானியைத் துப்பாக்கி போல நீட்டுகிறது.
தேநீர் கிடையாது. உட்கார்ந்து கதை பேசுவது கிடையாது.
உறையிட்ட பிஸ்கட் இரண்டு,
காரில் போய்த் தின்றுகொள்ளுங்கள்.
"என்னை இப்படி ஆக்கிட்டாங்களே, டிம்ப்னா" என்கிறாள்
முகக்கவசத்துக்குள்ளிருந்து.

முன்பெல்லாம் கதவு திறந்தே கிடக்கும்.
சந்தைக்கு வந்தவர்கூட எட்டிப் பார்த்து
படுத்துக் கொடுத்துவிட்டுப் போவார்.
இப்போது பெயர், நேரம், கால்மணி இடைவெளி.
டப்ளினில் ஒருத்தி நாளெல்லாம் போனில்:
காய்ச்சல் உண்டா, இருமல் உண்டா,
வீட்டில் யாருக்காவது உண்டா.

முதல் வாரங்களில் கணக்கே பிடிபடவில்லை.
அறுவை சிகிச்சைகளைத் தள்ளிவைத்தார்கள்.
சாலையில் காரும் இல்லை, மோதலும் இல்லை.
குளிர் அறையில் பைகள் அடுக்கிய அடுக்கில் இருந்தன.
"இப்போது வேண்டாம், கூப்பிடும்போது வாருங்கள்."
கேட்டே பழகிய வாய்க்கு
அதைச் சொல்ல வரவில்லை.

பிறகு ஒரே வாரத்தில் தட்டு கவிழ்ந்தது.
பிரசவம் தேதி மாற்றிக்கொள்ளுமா?
ரத்தப் புற்று ஊரடங்குக்குக் கட்டுப்படுமா?
தட்டணுவுக்கு ஆயுள் ஒரு வாரம்தான்,
பஞ்சத்துக்கென்று
பத்தாயத்தில் போட்டு வைக்க முடியாது.

பத்தரைக்கு ப்ரோனா வந்தாள்.
இன்று மூன்று மணிக்கு
இதே அரங்கில் அவளுக்கு விருந்து நடந்திருக்க வேண்டும்.
நான்காம் கட்டிலில் படுத்து விளக்கைப் பார்த்தாள்.
"இதுக்கு முன்பணம் கொடுத்திருக்கேன்."
சிரித்த சிரிப்பில் ஊசி அசைந்து
இரண்டு பேரும் திட்டு வாங்கினோம்.

அடுத்து ஃபெலிம்.
மலைப் பக்கம் ஆட்டுப் பண்ணை, தனி ஆள்.
நாற்பத்தோராவது தடவை.
"ஓ பாசிட்டிவ், விசேஷம் ஒண்ணுமில்ல"
என்று எப்போதும் அவரே சொல்லிவிடுவார்.
ஐந்து கிலோமீட்டருக்கு மேல் போகத் தடை.
முப்பது வந்திருக்கிறார்,
வழிமறித்த காவலரிடம்
எங்கள் குறுஞ்செய்தியைப் பாஸ்போர்ட்டாய் நீட்டி.

முழங்கை மடிப்பில் கட்டைவிரல் வைத்தேன்.
கையுறைதான்.
அவர் கண்ணை மூடிக்கொண்டார்.
வலிக்கிறதா என்றேன்,
ஊசியை இன்னும் எடுக்கவேயில்லை.
"ஏழு வாரமாச்சு" என்றார்,
"மனுஷக் கை பட்டு."

நல்ல நரம்பு அவருக்கு,
கயிறு போல, இருட்டிலும் அகப்படும்.
தொட்டதுமே கிடைத்துவிட்டது.
கிடைக்காதவள் போல
இன்னும் கொஞ்சம் தேடினேன்.

நானூற்றெழுபது மில்லி. ஒன்பது நிமிடம்.
கட்டிலுக்குக் கீழே தராசு பையை ஆட்டிக்கொண்டிருந்தது:
உறங்க அல்ல,
உறையாதிருக்க ஆடும் தொட்டில்.

கட்டுப் போட்டதும் கேட்டார், அடுத்தது எப்போது.
தொண்ணூறு நாள் என்றேன்.
விரல்விட்டு எண்ணினார்.
"புல்லறுப்பு முடிஞ்சிருக்கும்."
குல்லாவைத் தேடி எடுத்து, பிஸ்கட்டை மறந்துவிட்டு,
மஞ்சள் கோட்டை மிதிக்காமல் நடந்து போனார்.

ஐந்து மணிக்கு வேன் கிளம்பியது.
முப்பத்தொரு பைகள்,
பெயர் இல்லை, கறுப்புக் கோடுகள் மட்டும்.
இரவு பிரித்துவிடுவார்கள்,
சிவப்பு ஒரு பக்கம், தட்டணு ஒரு பக்கம்.
கண்ணாடி துடைப்பான் வேகமாக ஆடுவது
திருப்பம் வரை தெரிந்தது.

நாடாவை உரித்தேன். தரை மெழுகும் கொஞ்சம் வந்துவிட்டது.
விளக்கை அணைக்கும் முன்
அட்ராக்டா வெப்பமானியைத்
தன் நெற்றிக்கே பிடித்துக்கொண்டாள்.
முப்பத்தாறு புள்ளி நாலு.
"இருக்கேன்" என்றாள்.