இன்னும் நீலம்

செவ்வாய்ப்பேட்டையில்
கொலுசுக்கு மெருகு போடும் பட்டறையின் மாடி.
இரண்டாம் ஞாயிறு, காலை பத்து மணி.
கீழிருந்து அமில வாடை. சலங்கை மணிகளை
யாரோ முறத்தில் போட்டுப் புடைக்கிற சத்தம்.
மின்விசிறியை நிறுத்திவிட்டோம்.
தபால்தலைக்காரர்களுக்குக் காற்றுதான் முதல் திருடன்.

ஆளுக்கு ஒன்று கொண்டுவர வேண்டும்,
வீடு தீப்பிடித்தால் எதை எடுத்துக்கொண்டு ஓடுவோமோ அது.
விலை பேசக் கூடாது.

இருசப்பன் வைத்தது ஐந்து பைசா.
குடும்பக் கட்டுப்பாட்டுத் தலை. அதன்மேல்
அகதிகள் நிவாரணம் என்று ஆங்கிலத்தில் கறுப்பு மை.
எழுபத்தொன்று கடைசியில் எந்தக் கடிதம் போட்டாலும்
கூடுதலாக இது ஒன்று ஒட்டியாக வேண்டும்.
ஒட்டாமல் வந்தது அவர் அப்பாவுக்கு ஒரு கவர்,
மேக்னசைட் கம்பெனியிலிருந்து.
தபால்காரர் பத்துப் பைசா கேட்டார்.
"நானா எழுதச் சொன்னேன்?" என்று
திருப்பி அனுப்பிவிட்டார் மனுஷன்.
உள்ளே வேலை உத்தரவு என்று
மூன்று மாதம் கழித்து யாரோ சொன்னார்கள்.
இருசப்பனிடம் இப்போது இருநூற்றுப் பன்னிரண்டு இருக்கின்றன.
அத்தனையும் ஒட்டினாலும்
அந்தக் கவர் சூரமங்கலம் தாண்டி வராது என்கிறார்,
சிரித்துக்கொண்டுதான்.

ஷாஹினுக்குக் கோட்டையில் மருந்துக்கடை.
இங்கிலாந்துத் தலை ஒன்று, மிகச் சாதாரணம்.
"பார்த்தீங்களா, எங்கயும் நாட்டுப் பேரே இல்ல.
எல்லாருக்கும் நம்மளத் தெரியும்னு ஒரு திமிரு.
அந்தத் திமிரு எனக்குப் பிடிச்சிருக்கு.
என் கடைக்கும் நான் போர்டு வைக்கல."

தேவசகாயம் ரயில் தபாலில் முப்பது வருடம் பிரித்தவர்.
தலை எதுவானாலும் அவருக்கு ஒன்றுதான்,
மேலே விழுந்த முத்திரையைத்தான் காட்டினார்.
வட்டம் கோணியிருந்தது.
"இது மொரப்பூர் வளைவு" என்றார்.

பெர்னடெத் ஏற்காட்டிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தாள்,
இருபது கொண்டை ஊசி வளைவும்
ஆல்பத்தை மடியில் அணைத்தபடி.
நாகலூர் காப்பித் தோட்டத்தில் கணக்கெழுதுகிறாள்.
அவள் வைத்த தலைக்கு ஒரு ஓரமே கிடையாது.
ஐப்பசி மழையில் தபால்பெட்டிக்குள் புகுந்த நத்தை
பசை ருசிக்கு அரித்துத் தின்றிருக்கிறது.
பாதி ஏற்காடு முத்திரை,
பாதி நத்தை முத்திரை.
"கேட்டலாக்ல இதுக்கு நம்பர் இல்ல சார்.
அச்சடிச்சவங்களுக்கே தெரியாத டிசைன்."

பிறகு நாகமாணிக்கம்.
அவன் திறந்த பக்கத்தில் எதுவும் இல்லை.
முக்கோணமாக ஒரு வெளுப்பு, நடுவில்
ஒட்டுக்காகிதத்தின் பழுப்பு.
மகியார் போஸ்டா. மீன்கொத்தி.
எட்டாம் வகுப்பில் காணாமல் போனது.
"எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான்.
அந்த நீலத்த அப்புறம் நான் எங்கயும் பாக்கல.
மூக்கனேரி மேல நெசமாப் பறக்குற குருவிகிட்டகூட."

என் சட்டைப் பையில், கண்ணாடித்தாள் உறைக்குள்,
முப்பத்தெட்டு வருடமாக இருக்கிறது அந்த மீன்கொத்தி.
எனக்கும் பிடித்தமானதுதான்.
காரணம் கேட்டால்தான் சங்கடம்.
நாலு ரோட்டுப் பள்ளி, ட்ரில் பீரியட், காலி வகுப்பறை.
கொஞ்சம் எச்சில், ஒரு கட்டைவிரல் நகம்.
அவ்வளவுதான்.

என் முறை வந்தது.
கீழே முறத்தின் சத்தம் நின்றிருந்தது.
மேஜைமேல் வைத்தேன்.

இடுக்கியால் எடுத்தான். லென்ஸ் வைத்தான்.
பற்களை எண்ணினான்.
திருப்பி முதுகைப் பார்த்தான், என்னைப் பார்க்கவில்லை.
ஜன்னலுக்குக் கொண்டுபோனான்.
அவன் மூச்சுக்கு அது லேசாக நடுங்கியது.

"அதே செட்டுதான்," என்றான்.
"ஆனா என்னோடது இன்னும் நீலம்."

என் பக்கமாக நகர்த்தி வைத்தான்.
"பத்திரமா வெச்சுக்க."

புழுக்கம் தாங்காமல் யாரோ
விசிறிப் பொத்தானைத் தட்டிவிட்டார்கள்.
இருங்க, இருங்க என்று கத்துகிறேன்,
மீன்கொத்தியை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு.