மூன்று ழ்

புதுச்சேரி, 1943, ஆடி மாதம்

ரேடியோ உள்ள வீட்டிலிருந்து
ரேடியோ இல்லாத எங்கள் அச்சாபீசுக்குச்
சேதி சைக்கிளில் வந்தது, ஒற்றைக் காலில் செருப்போடு.
இத்தாலிக்காரன் போயிட்டான்!
செத்தானா? இல்லை.
ஓடினானா? அதுவும் இல்லை.
ராஜா கூப்பிட்டு நாற்காலியை வாங்கிக்கொண்டாராம்.
இருபது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்த நாற்காலி.
சண்டை நிற்கவில்லை என்பதைப்
பையன் கடைசியில்தான் சொன்னான்.

அரைத் தாளில் போடு, என்றார் கப்ரியேல் முசே.
தாளுக்குப் பஞ்சம். மையில் பாதி மண்ணெண்ணெய்,
மண்ணெண்ணெய்க்கும் பஞ்சம்.
சர்வாதிகாரி வீழ்ந்தான்.
வீ இருந்தது. ந், தா, ன் இருந்தன.
ழ் இல்லை.

எங்களிடம் மொத்தமே மூன்று ழ்.
ஒன்றுக்குப் புள்ளி உடைந்து ழ என்றுதான் விழும்.
மற்ற இரண்டும் புது மேரின் வரவேற்பு மடலில்
வாழ்க என்றும்
பல்லாண்டு வாழ்க என்றும்
கயிறு சுற்றிப் படுத்திருந்தன.
ஊசியால் ஒன்றை நெம்பினேன்.
வா க என்று
பல் விழுந்த வாயாகத் திறந்துகொண்டது மடல்.
"பார்த்துடா, வாழ்கவுக்குத்தான் காசு வந்திருக்கு.
வீழ்ந்ததுக்கு எவன் தரான்?"

இருநூறு தாள் ஈரத்தோடு தெருவுக்குப் போனது.

பெரிய கடையில் அரிசிக்கு நின்ற வரிசை
அதை வாங்கித் தலைக்கு வெயில் மறைத்துக்கொண்டு
அப்ப படி விலை இறங்குமா என்றது.
தெய்வநாயகம் செட்டியார் இரண்டு முறை படித்தார்.
அவர் கிடங்கில் மூட்டை நெஞ்சு மட்டம்.
"ஜெர்மன்காரன் இருக்கான் இல்ல?
ஜப்பான்காரன் நல்லா இருக்கான் இல்ல?"
சம்பந்தி வீட்டு உடம்பை விசாரிப்பவர் போல.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்
ஒரு வீட்டில் கிராமபோன், கோப்பைச் சத்தம்.
எதிர்வீட்டில் ஜன்னல்களை
ஒவ்வொன்றாகச் சாத்தினார்கள்,
காற்றே இல்லாத மத்தியானத்தில்.
பழைய சொல்தா சவரிராயன் மெடலைக் குத்திக்கொண்டு வந்து
யாருக்கு சல்யூட் அடிப்பதென்று தெரியாமல்
தபால் பெட்டிக்கு அடித்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் அஞ்சலாட்சி.
புருஷன் ஆப்பிரிக்க மணலில் பிடிபட்டு
இத்தாலியில் ஏதோ கம்பிவேலிக்குள் இருக்கிறான்.
இரண்டு வரிக் கடிதாசி ஒன்று வந்தது, மாசிக்குப் பிறகு அதுவுமில்லை.
விழுந்தான்னு எங்க போட்டிருக்கு, காட்டு என்றாள்.
காட்டினேன். விரல் வைத்தாள். மை ஒட்டிக்கொண்டது.
"அவன் போயிட்டான், சரி.
கொட்டடிச் சாவி இப்ப
யார் இடுப்புல இருக்கு?"
முசே கணக்கு நோட்டைத் திறந்தார்.
நான் துடைத்த ரோலரையே துடைத்தேன்.

மில் விட்டு வந்த வரதப்பன்
தாளைக் கையால் தொடவில்லை.
"கடல் தாண்டி விழுந்தவனுக்கு அரைத் தாள்.
வர வெள்ளிக்கிழமை முப்பதாம் தேதி.
எங்கண்ணன் மில் வாசல்ல விழுந்து ஏழு வருஷம்."
புகழ் என்று போட ழ் இல்லை என்றேன்.
உண்மைதான். சாக்கும்தான்.
"புகழ் எதுக்கு? பேரைப் போடு. தனகோட்டி.
எல்லா எழுத்தும் உங்கிட்ட இருக்கும்."
பெட்டியைப் பார்த்தேன்.
இருந்தது.

ராத்திரி எழுத்துகளைப் பிரித்து
ழ்-ஐ மடலுக்குத் திருப்ப எடுத்தபோது
அங்காளம்மன் கோயில் ஆட்கள் வாசலில்.
வெள்ளிக்கிழமை கூழ் வார்க்கிறார்கள்.
நூறு நோட்டீஸ். காசு பிறகு.
"கேழ்வரகு கிடைச்சுதா?"
"எங்க கிடைக்குது? தரவங்க தரட்டும்னுதான் நோட்டீசு.
கேழ்வரகுன்னு கொட்டையா போடு."

கூழுக்கு ஒன்று.
கேழ்வரகுக்கு ஒன்று.
முசே தூங்கிவிட்டாரா என்று பார்த்துவிட்டு
பல்லாண்டு வாழ்கவையும் நெம்பினேன்.